மேல்வீட்டுத் தீர்ப்பு

மண்வெட்டியைப் பார்த்ததும் மேல்வீட்டுக்காரர் தலையை ஆட்டினார்.

ஆமாம் என்று ஆட்டியிருந்தால் வம்பே இல்லை. இடப்பக்கம் ஒரு தடவை, வலப்பக்கம் ஒரு தடவை, அவசரமே இல்லாமல், வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார். காலை ஏழு மணிக்குப் பால்கனியில் நாற்காலியைப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, அடுத்தவன் வீட்டு மண்ணைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இந்த மனிதருக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கீழே நின்றிருந்த டிக்கெட் பரிசோதகருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மண்வெட்டியும் கடப்பாரையுமாக வந்திருந்த இரண்டு ஆட்கள், எங்கே தொடங்குவது என்று கேட்டார்கள். பரிசோதகர் காதில் அது விழவில்லை. அவர் பால்கனியையே முறைத்துக்கொண்டிருந்தார்.

பரிசோதகரின் வீட்டை ஒட்டி இருபதடி அகலத்தில் ஒரு சரிவு. மேல்வீட்டு மதில் சுவரின் காலடியில் தொடங்கித் தெருவில் வந்து இறங்குகிறது. மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் ஓர் ஆள் உயர வித்தியாசம். அதைச் சமப்படுத்திக் கார் ஷெட் போட வேண்டும். அதுவும் ஒன்றாம் தேதிக்குள். ஒன்றாம் தேதி தெருவில் வடிகால் தோண்ட வருகிறார்கள். தெருவில் நிற்கிற வண்டிகளை இழுத்துக்கொண்டு போய்விடுவோம் என்று கம்பத்துக்குக் கம்பம் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது.

இருபத்தாறு வருடம் ரயிலில் நின்றுகொண்டே பயணம் செய்த மனிதர், இனி உட்கார்ந்து போக வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கிய பழைய நீலக் கார் அது. அதில் ஏறினால் அவரை யாரும் எழுப்ப முடியாது. அந்தக் காரை வைக்க இடம் இல்லையென்றால் அது போய்ச் சேரும் இடம் ஒன்றே ஒன்றுதான்: மனைவியின் தம்பி வீடு. அவன் ஏற்கெனவே போன் போட்டு, கவலைப்படாதீங்க மாமா, எங்க வீட்டுக் கொட்டகை காலியாத்தான் கிடக்கு, வண்டி சும்மா நின்னா கெட்டுப் போயிடும், நானே ஓட்டிக்கிட்டிருக்கேன் என்று அன்பாகச் சொல்லியிருந்தான். முன்பு ஒரு தடவை அவன் அன்பாக வாங்கிப்போன குடையின் கைப்பிடி மட்டும் திரும்பி வந்தது. காரில் எது திரும்பி வரும் என்று பரிசோதகர் யோசித்துப் பார்த்தார். மூன்று வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நின்ற முதல் நாள் காலையில்தான் இந்தத் தலையாட்டல்.

தலையாட்டியவர் வேறு யாராவது என்றால் போடா என்று விட்டுவிடலாம். இவர் மூன்று அணைகள் கட்டி ஓய்வுபெற்ற இன்ஜினியர். தெருவில் அவருக்கு அணைக்கட்டு என்றே பெயர். நாலு வருடத்துக்கு முன்னால் பரிசோதகர் இந்த வீட்டைக் கட்டும்போது, அவரே வலிய இறங்கி வந்து, வாசலில் கடைசிப் படி மற்ற படிகளைவிட உயரமாக வருகிறது, மாற்றிக் கட்டச் சொல்லுங்கள் என்றார். அணை கட்டினவர் அணையைப் பார்த்துக்கொள்ளட்டும், என் வீட்டு மண்ணில் ஒரு பிடியைப் பற்றிக்கூட எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம் என்று பரிசோதகர் மேஸ்திரிக்கு எதிரிலேயே சொல்லிவிட்டார். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு முறிந்தது.

படி அப்படியே இருக்கிறது. அந்த வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் கடைசிப் படியில் கால் தடுக்கித்தான் உள்ளே வருகிறார்கள். பரிசோதகரே நாளைக்கு இரண்டு தடவை தடுக்குகிறார். ஒவ்வொரு தடவையும் அணைக்கட்டைத் திட்டுகிறார். எழுந்து நின்ற பிறகு, அந்த ஆளுக்கு விஷயம் தெரியும் என்பதும் ஞாபகத்துக்கு வந்து தொலைக்கிறது.

"நேரா போய்க் கேட்டுடுங்களேன். ரெண்டு நிமிஷ வேலை" என்றாள் மனைவி.

"யாரு, நானா? அந்த ஆள் கழுத்தை ஒரு விரல் அளவு கீழ இறக்கறாரா பாரு. எதிர்வீட்டுத் தண்ணித் தொட்டியைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. அவ்வளவு தலைக்கனம்."

"தண்ணித் தொட்டியைப் பார்க்கிறவரு உங்க மண்வெட்டியைப் பத்தி எப்படிங்க சொல்லுவாரு?"

"உனக்கு என்ன தெரியும்? ஜன்னலுக்கு வெளியே மரத்தை எண்ணிக்கிட்டு வர்றான் பாரு, அவன்தான் டிக்கெட் இல்லாதவன். கண்ணு வெளியே இருக்கும், கவனம் முழுக்க என்மேல இருக்கும். ஒருத்தன் தலை ஆடறதை வச்சே அவன் எந்த ஸ்டேஷன்ல ஏறினான்னு நான் சொல்லிடுவேன்."

இருபத்தாறு வருட அனுபவத்தோடு வாதாட முடியாது என்பது மனைவிக்கு இருபத்துநாலு வருடமாகத் தெரியும். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். சரிவின் மேல்முனையில் மதிலோரமாக அவள் வைத்து வளர்த்த எலுமிச்சை மரம் நிற்கிறது. போன வருடம்தான் காய்க்க ஆரம்பித்திருக்கிறது. எந்த மெஷின் வேண்டுமானாலும் வரட்டும், அந்த மரத்துக்கு ஒன்றும் ஆகக் கூடாது. பரிசோதகர் சத்தியம் செய்து கொடுத்தார்.

ஆட்கள் இருவரையும் அன்றே அனுப்பிவிட்டார். அதற்குள் அவர்கள் சரிவின் வாயிலில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம் வெட்டியிருந்தார்கள். வேலை வேண்டாம் என்றால் மூடவும் மாட்டோம் என்று போய்விட்டார்கள். அது அவர்களுடைய நியாயம்.

அடுத்த தெருவில் இயந்திரங்களை வாடகைக்கு விடும் கடை ஒன்று இருந்தது. அதன் மேனேஜர், வாடிக்கையாளர்கள் தாங்களாகவே எதையாவது தேர்ந்தெடுப்பதைச் சொந்த அவமானமாக எடுத்துக்கொள்கிறவர். நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, உயர வித்தியாசம் எவ்வளவு, பாறையா செம்மண்ணா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, குட்டி லோடரைக் காட்டினார். ஓர் ஆட்டோவைவிடக் கொஞ்சம் பெரியது. முன்பக்கம் ஒரு வாளி. நின்ற இடத்திலேயே சுற்றும்.

"உங்க இடத்துக்கு இதுதான் சார். மேல வெட்டி கீழ பரப்பிடும். ரெண்டு நாள் வேலை."

பரிசோதகருக்கு உடனே சந்தேகம் வந்தது. கேட்பதற்கு முன்னாலேயே டிக்கெட்டை நீட்டுகிறவனின் டிக்கெட்டைத்தான் அவர் இரண்டு தடவை திருப்பிப் பார்ப்பார். அதனால் குட்டி லோடரை விட்டுவிட்டு, பக்கத்தில் கேட்பாரற்றுக் கிடந்த கை உழவு இயந்திரத்தை எடுத்துக்கொண்டார். மண்ணைப் பொலபொலவென்று ஆக்கிவிட்டால், பிறகு பலகை வைத்து இழுத்துச் சமன் செய்துவிடலாம் என்பது அவருடைய கணக்கு. மேனேஜர் பெருமூச்சு விட்டுக்கொண்டே ரசீது எழுதினார்.

கை உழவு என்பது நாம் பிடித்துக்கொண்டு ஓட்டுவது. சரிவில் அது நம்மைப் பிடித்துக்கொண்டு ஓட்டும். மேலிருந்து கிளம்பிய இயந்திரம் பரிசோதகரையும் கூட்டிக்கொண்டு சரிவு முழுவதும் இறங்கி, ஆட்கள் வெட்டிவைத்த பள்ளத்தில் குதித்து ஏறி, தெருவைக் கடந்து எதிர்வீட்டு கேட்டில் போய் முட்டி நின்றது. அப்படி எட்டுத் தடவை போய் வந்த பிறகு மண் நிஜமாகவே பொலபொலவென்று ஆகியிருந்தது.

மாலை ஐந்து மணிக்கு அணைக்கட்டு பால்கனிக்கு வந்தார். உட்கார்ந்தார். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். இடமும் வலமுமாகத் தலையை ஆட்டினார். இந்தத் தடவை பரிசோதகர் எண்ணினார். சரியாக இருபது தடவை. இடம் இருபதடி அகலம். அடிக்கு ஒரு வேண்டாம்.

"பார்த்தியா, அளவுகூட எடுத்து வச்சிருக்காரு" என்று மனைவியிடம் பல்லைக் கடித்தார்.

மறுநாள் மழை பெய்தது. பொலபொலத்த மண் மொத்தமும் தெருவுக்கு வந்து படுத்துக்கொண்டது. தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லோரும் கடைசிப் படியில் தடுக்கினார்கள். தோளில் பெரிய பையை மாட்டிக்கொண்டு வாரத்தில் இரண்டு நாள் மேல்வீட்டுக்கு வந்து போகிற ஒரு பெண்ணின் ஸ்கூட்டர் சேற்றில் சிக்கிக்கொண்டது. பையின் கனத்தையும் பேச்சின் பணிவையும் பார்த்தே அவள் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் என்று பரிசோதகர் கண்டுபிடித்திருந்தார். கொஞ்சம் வழி விடுங்க சார், நேரத்துக்குப் போகணும் என்று அவள் கேட்டாள். மேல்வீட்டாருக்கு இன்ஷூரன்ஸ் எதற்கு, அவர்தான் நூறு வருடம் உட்கார்ந்து அடுத்தவன் வீட்டைப் பார்க்கப் போகிறாரே என்று பரிசோதகர் முணுமுணுத்துக்கொண்டே ஸ்கூட்டரைத் தள்ளிவிட்டார். அவள் இருமலோடு சிரிப்பை விழுங்கிக்கொண்டு போனாள்.

தெருவைக் கூட்டி மண்ணை மறுபடி மேலே ஏற்ற நாலு நாள் போயிற்று.

இரண்டாவது வாரத்தில், தோல்வியை ஒப்புக்கொள்வது போல் இல்லாமல், தற்செயலாக அந்தப் பக்கம் வந்ததுபோல் கடைக்குப் போய்க் குட்டி லோடரை எடுத்துக்கொண்டார். அதற்கு டிரைவரும் உண்டு. அதிகம் பேசாத ஆள். இறங்கி நடந்து பார்த்தார், காலால் மண்ணைத் தட்டினார், எலுமிச்சை மரத்தைச் சுற்றிச் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டார், வேலையைத் தொடங்கினார். மதியத்துக்குள் மேல்முனை கொஞ்சம் இறங்கி, கீழ்முனை கொஞ்சம் ஏறி, நடுவில் ஒரு கட்டில் போட்டுப் படுக்கலாம் போல ஒரு சமதளம் பிறந்துவிட்டது. பரிசோதகரின் மனைவி வந்து அதில் நின்று பார்த்துவிட்டு, டிரைவருக்கு இரண்டாவது டம்ளர் டீ கொடுத்தாள்.

பரிசோதகருக்கும் மனம் குளிர்ந்துதான் இருந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் மணி ஐந்தாயிற்று.

அணைக்கட்டு வந்தார். உட்கார்ந்தார். இடம், வலம். இடம், வலம்.

பரிசோதகர் கையைத் தூக்கி லோடரை நிறுத்தச் சொன்னார். டிரைவர் தலையை வெளியே நீட்டி, எதற்கு என்று கேட்டார். இது சரிப்படாது என்றார் பரிசோதகர்.

"எது சரிப்படாது? நாளைக்கு சாயங்காலம் நீங்க காரை உள்ளே விடலாம் சார்."

"மேல சொல்றாங்க."

டிரைவர் வானத்தைப் பார்த்தார். பிறகு பால்கனியைப் பார்த்தார். பிறகு பரிசோதகரைப் பார்த்தார். பதினைந்து வருடமாக இந்த வண்டி ஓட்டுகிறேன், இன்றுவரை எந்தக் கிழவரும் தலையாட்டி என் வண்டியை நிறுத்தியதில்லை என்று சொல்லிவிட்டு, ரோஷத்தோடு கிளம்பிப் போனார். போகும்போது சுண்ணாம்பு டப்பாவையும் எடுத்துக்கொண்டார். மனைவி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று இரவு சாப்பாடு மேசையில் மூடி வைக்கப்பட்டிருந்தது, பரிமாற ஆள் இல்லை.

பரிசோதகருக்குக் கோபம் யார்மேல் என்றே தெரியவில்லை. தன்னை யாரும் புரிந்துகொள்ளவில்லை. நிபுணர் ஒருவர் வேண்டாம் என்கிறார். வாயைத் திறந்து ஏன் என்று சொல்ல மாட்டேன் என்கிறார். இவரும் வாயைத் திறந்து கேட்க முடியாது. இதற்கு நடுவில் நாள் ஓடுகிறது, மைத்துனன் தினம் போன் செய்து வண்டிக்கு எந்த பெட்ரோல் பங்க் நல்லது என்று விசாரிக்கிறான். ஒரு மனிதன் எத்தனை அநியாயத்தைத்தான் தாங்குவான்?

சின்னது வேண்டாம் என்றால் பெரியது வேண்டும் என்றுதானே அர்த்தம். அடுத்து வந்தது பொக்லைன். நீளமான கை, ஆளை அள்ளிவிடுகிற வாளி. அது உள்ளே நுழைய கேட் இடம் கொடுக்கவில்லை. கேட்டைக் கழற்றினார்கள். அப்போதும் நுழையவில்லை, தூணை இடித்தார்கள். தூணுக்குக் கீழேதான் தண்ணீர்க் குழாய் போகிறது என்பது அது உடைந்த பிறகு தெரிந்தது. பொக்லைன் நின்ற இடம் சேறாயிற்று, சேற்றில் அதன் பின்சக்கரம் இறங்கியது. அது வெளியே வருவதற்காகத் தோண்டிய மண் முழுவதும் வாசலில் குவிந்து, கதவைப் பாதிதான் திறக்க முடிந்தது. கடைசிப் படி மண்ணுக்குள் போய்விட்டதால் இரண்டு நாள் யாரும் தடுக்கவில்லை. அந்த வாரத்தில் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

இவ்வளவுக்கும் மேலே காலையும் மாலையும் ஆட்டல் நிற்கவில்லை. மறுபடி எண்ணினார். இருபது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை பரிசோதகர் கடைக்குள் நுழைந்ததும் மேனேஜர் எழுந்து நின்றார். மரியாதைக்காக அல்ல, தடுப்பதற்காக.

"இதுக்கு மேல பெரிசு எங்ககிட்ட ஒண்ணுதான் இருக்கு. புல்டோசர். உங்களுக்குத் தர மாட்டேன்."

"ஏன் தர மாட்டீங்க?"

"சார், அது ஏரி வெட்டறதுக்கும் அணை கட்டறதுக்கும் போறது. உங்க இடத்துல அதால திரும்பக்கூட முடியாது."

மேனேஜர் பிறகு சொன்ன எதுவும் பரிசோதகர் காதில் ஏறவில்லை. அணை என்ற ஒரு சொல் போதும். இத்தனை நாளும் இது எப்படித் தோன்றாமல் போயிற்று. ஆயுள் முழுக்க அணை கட்டிய மனுஷனிடம் போய் மண்வெட்டியைக் காட்டினால் தலையை ஆட்டாமல் என்ன செய்வார்? புல்டோசர் கொடுக்காவிட்டால் இங்கேயே உட்கார்ந்துவிடுவேன் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். கடை மூடும் நேரம்வரை உட்கார்ந்தும் காட்டினார். என்ன நடந்தாலும் கடை பொறுப்பில்லை என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு மேனேஜர் சம்மதித்தார்.

செவ்வாய்க்கிழமை ஆறேமுக்காலுக்குப் புல்டோசர் வந்து இறங்கியது. தெரு முழுவதும் பல் துலக்குகிற பிரஷோடு வெளியே வந்து நின்றது. டிரைவர் எஞ்சினைக் கிளப்பப் போனார். பரிசோதகர், பொறுங்க, ஏழு மணி ஆகட்டும் என்றார்.

ஏழு அடித்தது. அணைக்கட்டு வந்தார், உட்கார்ந்தார். பரிசோதகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அணைக்கட்டின் முகவாய் மெதுவாக மேலே போயிற்று. மெதுவாகக் கீழே வந்தது. மறுபடி மேலே. மறுபடி கீழே.

ஆமாம் என்கிறார். ஆமாம், ஆமாம், ஆமாம். அதுமட்டுமல்ல, இரண்டு வாரமாக ஒரு விரல் அளவு இறங்காத அந்தக் கழுத்து இறங்கி, முதல் தடவையாக இந்த மண்ணைக் குனிந்து பார்க்கிறது.

பரிசோதகருக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு வருடக் கோபம் அந்த நிமிஷத்தில் கரைந்து போயிற்று. பாவம், நல்ல மனுஷன். அன்றைக்கு அந்தப் படி விஷயத்தில் தான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று முதல் தடவையாக மனதார நினைத்தார். பால்கனியைப் பார்த்துத் தானும் தலையசைத்தார்.

"எவ்வளவு வெட்டணும் சார்?" என்று டிரைவர் கேட்டார்.

"அவர் தலையாட்டறதை நிறுத்தற வரைக்கும்."

இருபது ஆமாம், இருபது தள்ளல். மாலையில் வந்து இன்னும் இருபது. புதன்கிழமையும் அப்படியே. வண்டி திரும்ப முடியாது என்று மேனேஜர் சொன்னது உண்மைதான். அது முன்னாலும் பின்னாலும் மட்டும் போயிற்று. போகப் போக மேல்முனை இறங்கி, தெரு மட்டத்துக்கு வந்து, அங்கேயும் நிற்காமல் கீழே போயிற்று. சரிவு என்று ஒன்று இருந்த இடத்தில் இப்போது சதுரமாக ஒரு குழி. அடி மட்டும் கண்ணாடி மாதிரி சமம். இவ்வளவு ஆழம் போனால் கார் எப்படி உள்ளே இறங்கும் என்று மனைவி கேட்டாள். அதெல்லாம் அவருக்குத் தெரியும், ஏதாவது திட்டம் இல்லாமலா சொல்வார் என்று பரிசோதகர் நம்பிக்கையோடு மேலே கையைக் காட்டினார்.

வியாழக்கிழமை காலை, எட்டாவது ஆமாமின்போது, மேல்வீட்டு மதில் சுவர் ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு மெதுவாக முன்னால் சாய்ந்து, பதினைந்தடி நீளத்துக்குக் குழிக்குள் வந்து விழுந்தது. அதோடு மதிலோர மண் ஒரு பெரிய கட்டியாகப் பிளந்து வழுக்கி இறங்கியது. தூசி அடங்கிய பிறகு பார்த்தால், எலுமிச்சை மரம் வேர்மண்ணோடு, ஓர் இலைகூட உதிராமல், சாயாமல், குழியின் சரிநடுவில் நின்றுகொண்டிருந்தது.

பரிசோதகர் தன் சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டார். மனைவி குழியின் விளிம்பில் நின்று மரத்தைப் பார்த்தாள். இனிமேல் யாராவது அந்த மரத்தை அசைத்தால் நான் என் தம்பி வீட்டுக்குப் போய்விடுவேன் என்றாள். தம்பி அதற்குள் இங்கேயே வந்திருந்தான். நாளை மறுநாள் ஒன்றாம் தேதி. அவன் தெருவில் நின்ற நீலக் காரில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைத் தனக்குத் தகுந்தபடி திருப்பிக்கொண்டிருந்தான்.

மேல்வீட்டுக் கதவு திறந்தது. நாலு வருடத்துக்குப் பிறகு அணைக்கட்டு இறங்கி வந்தார். பரிசோதகர் வாசலில் குவிந்த மண்ணை ஏற்கெனவே அள்ளியாகிவிட்டது. அவர் நாலு படியும் ஏறி, கடைசிப் படியில் மட்டும் காலைக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கி வைத்து உள்ளே வந்தார். அந்த வீட்டு வாசலில் தடுக்காமல் வந்த முதல் ஆள் அவர்தான். அதைப் பார்த்ததும் பரிசோதகருக்கு இன்னும் எரிந்தது.

"சுவர் போனா போகட்டும். கட்டிக்கலாம்" என்றார் அணைக்கட்டு. "இந்த இடத்துக்கு யாரு சார் உங்களுக்குப் புல்டோசர் சொன்னது? போன வாரம் குட்டி லோடர் சத்தம் கேட்டப்போ எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா. பரவாயில்லையே, சரியான மெஷினைப் பிடிச்சுட்டாரேன்னு என் வீட்டுக்காரிகிட்ட சொன்னேன். சாயங்காலத்தோட அதை ஏன் அனுப்பினீங்க?"

பரிசோதகர் இடுப்பில் கையை ஊன்றினார். இப்படியும் ஒரு மனிதர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பாரா?

"நான் அனுப்பினேனா? நீங்க அனுப்பினீங்க சார். மண்வெட்டியை வேணாம்னது யாரு? உழவு மெஷினை வேணாம்னது யாரு? லோடர், பொக்லைன், ஒண்ணொண்ணுக்கும் காலையில இருபது, சாயங்காலம் இருபது. நான் எண்ணி வச்சிருக்கேன். புல்டோசருக்கு ஆமாம்னதும் நீங்கதான். தெருவே பார்த்திச்சு."

"நானா? நான் உங்ககிட்ட வாயே திறக்கலையே."

"வாயை எதுக்குத் திறக்கணும்? அதான் தலை இருக்கே."

அணைக்கட்டு பரிசோதகரின் மனைவியைப் பார்த்தார். மனைவி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். அப்போது வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. மேல்வீட்டுக்குப் போய் ஆளைக் காணாமல் தேடிக்கொண்டு வந்த, பெரிய பை மாட்டிய அந்தப் பெண், படியேறி, கடைசிப் படியில் தடுக்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பரிசோதகர் அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இன்ஷூரன்ஸ்காரிக்கு இங்கே என்ன வேலை.

"இப்படி" என்று பரிசோதகர் தன் தலையை இடமும் வலமுமாக வெடுக்கு வெடுக்கென்று திருப்பிக் காட்டினார். "ரெண்டு வாரம் இப்படி. அப்புறம் இந்த வாரம் இப்படி" என்று மேலும் கீழுமாகப் படபடவென்று ஆட்டினார். "இதுக்கு என்ன சார் அர்த்தம்? நீங்களே சொல்லுங்க."

அந்தப் பெண் பையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, பதறிப்போய்ப் பரிசோதகரின் தலையை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினாள்.

"மெதுவா சார், மெதுவா. மொத ரெண்டு வாரம் இடம் வலம் இருபது, மூணாவது வாரம் மேல கீழ இருபதுன்னு இவருக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான், ஆனா இவ்வளவு வேகமா செஞ்சா நல்லா இருக்கிற கழுத்தும் இவர் கழுத்து மாதிரி பிடிச்சுக்கும்."